பேலுக்கு கியூஆர் கோடு, பருத்திக்குத் துண்டுச்சீட்டு கூட இல்லை



திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன் பனியன் படம் ஒன்று அனுப்பியிருந்தான். லேபிளில் கியூஆர் கோடு. "ஸ்கேன் பண்ணினா பருத்தி எங்க விளைஞ்சதுன்னே தெரியும் சார்" என்று பெருமையாக எழுதியிருந்தான். ஸ்கேன் பண்ணினேன். நூல் மில் பெயர் வந்தது. அதற்கு முன்னால் 'தமிழ்நாடு' என்று ஒரே வார்த்தை. நான் கணக்கு வாத்தியார். வழிமுறை எழுதாத விடைக்கு நான் மார்க் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆலத்தியூர்ப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். மானாவாரியில் எடுத்த பருத்தியை வியாபாரி வீட்டு வாசலிலேயே எடை போடுகிறார். போன வருஷம் என் கொல்லைப் பருத்தியில் சாக்குக்கும் ஈரத்துக்குமாக மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார். ஈரத்தை எதில் பார்த்தீர்கள் என்றேன். "கை வச்சா தெரியாதா வாத்தியாரே!" பில் கிடையாது. என் மூட்டைகள் பத்து வீட்டு மூட்டைகளோடு ஒரே வண்டியில் போயின. 170 கிலோ பேல் ஒன்றுக்கு சுமார் 5 குவிண்டால் பருத்தி வேண்டும். ஜின்னிங் மில்லில் கொட்டிய பிறகு எது யாருடையது?

மத்திய அரசின் கஸ்தூரி காட்டன் திட்டத்தில் பேலுக்கு கியூஆர் கோடு, பிளாக்செயின் எல்லாம் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளாக்செயினில் ஏற்றியதை மாற்ற முடியாதாம். பொய்யை ஏற்றினால் அதையும்தான் மாற்ற முடியாது.

2020-இல் என்ன நடந்தது? இயற்கைப் பருத்தித் துணிக்கு உலக அளவில் முத்திரை தரும் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றிதழில் ஓடியதைக் கண்டுபிடித்து 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டது. அந்தப் போலிச் சான்றிதழிலும் கியூஆர் கோடு இருந்தது! ஸ்கேன் பண்ணினால் அரசாங்க இணையதளம் மாதிரியே செய்துவைத்த போலித் தளம் திறந்தது.

ஐரோப்பாவில் 2024-இல் வந்த சட்டப்படி துணிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. அப்போது ஆதார் கொடு, பட்டா கொடு என்று எங்களிடம்தான் வந்து நிற்பார்கள். கொடுக்கிறோம். எடை, ஈரம், விலை மூன்றையும் எழுதி முதல் பில்லை எங்கள் கையில் கொடுங்கள். உங்கள் பிளாக்செயின் அந்தப் பில்லிலிருந்து தொடங்கட்டும். எங்கள் பருத்தி கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று நாங்களும் ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும்.

திருப்பூர், கரூரில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் கம்பெனியில் இதைக் கேளுங்கள். இந்த வருஷம் நான் வியாபாரியிடம் பில் கேட்கப் போகிறேன். கொடுத்தால் இங்கேயே படம் போடுகிறேன்.