ஒரு சாண் மண்ணும் ஒரு தவறான வகைப்பாடும்

ஹவாய்த் தீவின் பூனா வட்டாரத்தில், மனைகளாகக் கூறுபோடப்பட்டும் இன்னும் வெட்டப்படாமல் நிற்கும் ஓஹியா மரக் காடுகளை வேளாண் நில வகுப்பிலேயே தொடர்ந்து வைத்திருப்பது என்ற முடிவு, இத்தனை ஆண்டு வாதங்களுக்கும் முறையீடுகளுக்கும் பிறகும் அசையாமல் இருப்பது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. அந்த முடிவால் அழிவது மரங்கள் மட்டுமே என்று எண்ணுவோர் பலர். மரங்களுக்கு அடியில் இருக்கும் மண்ணும் சேர்ந்தே அழிகிறது என்பதும், அழிந்த மண்ணை எந்தச் சட்டத்தாலும் திரும்ப உண்டாக்க முடியாது என்பதும் விவாதத்தில் உரிய இடத்தைப் பெறவே இல்லை.

அந்த மண் வயல் மண்ணைப் போன்றதன்று. பூனா அமைந்துள்ள கிலாவேயா எரிமலையின் மேற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, 1,100 ஆண்டுகளுக்கு உட்பட்ட குழம்புப் பாறையால் ஆனது. அவ்வளவு இளம் பாறை சிதைந்து களிமண்ணாக மாறுவதற்குக் காலம் போதவில்லை. ஆகவே அங்கே மண் பாறையிலிருந்து உண்டாகாமல், காட்டிலிருந்தே உண்டாகிறது. குழம்பு ஆறியபின் முதலில் படரும் சாம்பல்நிறக் கற்பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. பின்னர் பாறை வெடிப்புகளில் ஓஹியா வேரூன்றுகிறது. மரப் பெரணிகளும் உலூஹே என்னும் படர்பெரணியும் அடர்கின்றன. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை எட்டியும் தாண்டியும் பெய்யும் மழையில் இலையும் சுள்ளியும் வேரும் மட்கி, கருமையான அடுக்காகப் பாறைமேல் படிகின்றன. இத்தகைய மண்ணை மண்ணியலாளர் ஃபோலிஸ்ட் என்பர். கரிமப் பொருளால் ஆன மண்களில் பெரும்பாலானவற்றை உள்ளடக்கிய ஹிஸ்டோசால் என்னும் பெருவகுப்பில் இது ஓர் உட்பிரிவு. சதுப்பு நிலக் கரிமண்ணைப் போல நீரில் ஊறிக் கிடக்காமல், பெய்த மழையைப் பாறை இடுக்குகள் வழியே உடனுக்குடன் வடியவிடுவதே இதன் தனி அடையாளம். எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கரிமம் கொண்ட இந்த அடுக்கு, பூனாவில் பல இடங்களில் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே வழவழப்பான பஹோய்ஹோய்ப் பாறையோ, கூர்முனைக் கற்குவியலான ஆஆ பாறையோதான் உண்டு.

இவ்வளவு மெல்லிய மண்ணின்மேல் புல்டோசர் ஏறும்போது நடப்பதை, வகைப்பாட்டைத் தீர்மானித்தவர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மரங்கள் வேரோடு சாய்க்கப்படுகின்றன. ஓஹியாவின் வேர்கள் அந்த ஒரு சாண் அடுக்கிலேயே பின்னிக் கிடப்பதால், மரத்தோடு மண்ணும் பெயர்ந்து குவியலாகி மனையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. எஞ்சிய பாறை எஃகுப் பற்களால் கிழிக்கப்பட்டு, நொறுக்கப்பட்டு, சமன் செய்யப்படுகிறது. மிச்சமிருந்த மட்கு நொறுங்கிய கற்களின் இடுக்கில் விழுந்து மழையோடு கீழே போய்விடுகிறது. நிழலை இழந்து வெயிலில் கிடக்கும் பகுதியோ, சூடும் காற்றும் பட்டு விரைவாகச் சிதைந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. காடு நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்தது சில நாள் வேலையில் இல்லாமற்போகிறது. பிறகு தோட்டம் போட விரும்புவோர் லாரி வைத்து எரிமலைச் சரளையும் வேறிடத்து மண்ணும் கொண்டுவந்து கொட்டுகின்றனர். மண்ணை அகற்றிவிட்டு மண்ணை விலைக்கு வாங்கும் இந்த வேலைக்கு இடமளிக்கும் வகுப்பு, வேளாண்மைக்கும் நன்மை செய்யவில்லை.

நொறுக்கிய ஆஆ பாறையில் பப்பாளி விளைகிறதே என்று வாதிடுவோர் உண்டு. விளைவது உண்மை, உரமிட்டு விளைவிக்கிறார்கள். ஆனால் வெட்டப்படும் மனைகளில் எத்தனை பப்பாளித் தோட்டங்கள் ஆகின்றன, எத்தனை வீடும் வண்டி நிறுத்தும் இடமும் ஆகின்றன என்பதைப் பூனாவின் எந்தக் குறுக்குச் சாலையில் நின்று பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். வேளாண் வகுப்பு நிலத்தில் கட்டப்படும் வீடு பண்ணையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் கூறினாலும், 1976 ஜூன் 4க்கு முன் உருவான மனைகளுக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. பூனாவின் மனைகளில் பெரும்பாலானவை அந்தத் தேதிக்கு முந்தியவை. அதாவது வேளாண்மை என்ற காரணத்தால் காடு காப்பு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. வேளாண்மை செய்தாக வேண்டும் என்ற கடமையோ யாருக்கும் இல்லை.

மறுபுறம், சதுப்பு நிலங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் இந்த மண்ணுக்கு எட்டுவதில்லை. ஈரநிலத்தை அடையாளம் காண அமெரிக்கா வகுத்துள்ள அளவுகோலில் ஹிஸ்டோசால்கள் இடம்பெறுகின்றன, ஃபோலிஸ்ட்கள் மட்டும் விலக்கப்பட்டுள்ளன. நீர் தேங்காத மண்ணை ஈரநில மண் என்று சொல்ல முடியாது என்ற அளவில் அது அறிவியல்படி சரியே. ஆனால் ஒரு கதவு நியாயமாக மூடப்பட்டபோது இன்னொரு கதவைத் திறந்துவைக்கும் பொறுப்பு நிலச் சட்டத்தை ஆள்வோருக்கு இருந்தது. அதை அவர்கள் நிறைவேற்றவில்லை.

நிறைவேற்றாதது இது முதல்முறையும் அன்று. 1950களின் பிற்பகுதி முதல், குடிநீர்க் குழாயோ கழிவுநீர் வசதியோ இல்லாமல், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளைப் பூனாவில் வரைபடத்தில் கோடு கிழித்துப் பிரிக்க அனுமதித்தது இதே அதிகார மரபுதான். நிலத்தைக் கண்ணால் காணாமலேயே வாங்கியவர்கள் பலர். அந்த மனைகளுள் ஒரு பகுதி எரிமலைப் பிளவு மண்டலத்தின் மேலேயே அமைந்தது. 2018இல் அந்த மண்டலம் திறந்துகொண்டபோது எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் குழம்பில் மூழ்கின. வாவோ கேலே ஓ பூனா என்னும் காட்டின் விவகாரம் அதைவிடக் கசப்பானது. இயற்கைக் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்த அந்தத் தாழ்நில மழைக்காட்டை, 1985இல் புவிவெப்ப மின்திட்டத்துக்காகத் தனியாருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக மாநில அரசு பெற்றது கஹாவுவாலேயா நிலம். 1983இல் தொடங்கிய பூ ஊ ஓஓ வெடிப்பின் குழம்பு அந்நிலத்துக்குள் அப்போதே புகுந்திருந்தது. எதிர்த்துப் போராடியவர்களில் 141 பேர் 1990 மார்ச்சில் கைதாயினர். துளையிட்ட நிறுவனம் சில ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிட்டு வெளியேறியது. 2006இல் அதே காடு, ஏறத்தாழ 25,800 ஏக்கர், பொதுப்பணம் கொடுத்து மீட்கப்பட வேண்டியதாயிற்று. கைதானவர்களிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்றைய தயக்கத்துக்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. இளம் பாறைமேல் அமைந்த காட்டின் வளர்ச்சியை நைட்ரஜன் பற்றாக்குறையே கட்டுப்படுத்துகிறது என்பதைச் சூழலியலாளர் பீட்டர் விட்டூசெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் பல்லாண்டு ஆய்வில் நிறுவிவிட்டனர். அந்தக் காட்டின் நைட்ரஜன் இருப்பு பெரும்பாலும் அந்தக் கரிம அடுக்கில்தான் உள்ளது. அது போனால் ஓஹியா மீள்வதற்கு மாறாக, தானே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் அயல்மரமான அல்பீசியா அங்கே குடியேறுகிறது. 2014 ஆகஸ்டில் இசெல் புயல் வந்தபோது, முறிந்து விழுந்து பூனாவின் சாலைகளை அடைத்ததும் மின்கம்பிகளை அறுத்ததும் அந்த அல்பீசியாதான். அதே ஆண்டில்தான் ஓஹியாவைச் சில வாரங்களில் வாடவைத்துக் கொல்லும் பூஞ்சையும் அடையாளம் காணப்பட்டது. மரத்தின் காயத்தின் வழியே அது நுழைகிறது என்பது தெரிந்த பிறகும், காட்டின் நடுவே இயந்திரங்களை விட்டு நிற்கும் மரங்களைக் காயப்படுத்தும் வேலை நிற்கவில்லை. அதைத் தடுக்கும் அதிகாரம் பெற்றவர்கள், அறிவியலாளரின் எச்சரிக்கையைக் கோப்பில் வாங்கி வைத்துக்கொண்டதோடு தம் கடமை முடிந்ததாகக் கொண்டுள்ளனர்; இது அலட்சியம் என்ற நிலையைக் கடந்துவிட்டது.

இன்னும் இயந்திரம் ஏறாத மனைகள் பூனாவில் ஏராளமாக உள்ளன. வரி அமைப்பின் வழியாகவோ, வகைப்பாட்டைத் திருத்தியோ, உரிமையாளர்களிடமிருந்து நிலத்தை வாங்கியோ, அந்த மனைகளின் மண்ணுக்கு ஒரு பாதுகாப்பு கண்டாக வேண்டும். எந்த வழி என்பதை வட்டார மக்களோடும் பூர்வகுடிகளோடும் அமர்ந்து முடிவு செய்யட்டும். அது முடிவாகும்வரை, நிற்கும் ஓஹியாக் காட்டுக்குள் புதிதாக ஓர் இயந்திரமும் நுழைய அனுமதிக்கக் கூடாது.