நாணமும் மருந்தும்: முதுமையின் அந்தரங்க நோய்கள் குறித்து

முதியோரின் அந்தரங்க உறுப்புகளிலே தோன்றும் நோய்களைப் பற்றிப் பேசுதல் தமிழ்ச் சமூகத்தில் இன்றும் பண்பற்ற செயலாகவே கருதப்படுகின்றது. வீட்டிலே அது பேசப்படுவதில்லை. மாதர் சங்கத்திலும் பேசப்படுவதில்லை. இலக்கியத்திலே முதுமை இடம்பெறும்பொழுதும் அது தளர்ந்த கால்களோடும் மங்கிய கண்களோடும் நின்றுவிடுகின்றது. ஆயினும் இந்நோய்களுக்கெனக் கொள்ளப்படும் பூச்சுமருந்துகளும் குளிசைகளும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன், வெள்ளவத்தை என எவ்விடத்துப் பாமசியிலும் நாள்தோறும் விற்பனையாகின்றன. பேசத்தகாத ஒன்றை விற்கலாம், வாங்கலாம், விசாரிக்க மட்டும் கூடாது என்பதே நிலவும் ஒழுக்கமாகும். இவ்வொழுக்கத்தினாற் பயன்பெறுவோர் யார், இழப்போர் யார் என்பது ஆராயப்பட வேண்டும்.

இவ்விற்பனை நடைபெறும் முறையை முதலில் நோக்குதல் தகும். நோயுற்ற மூதாட்டி பெரும்பாலும் கடைக்கு வருவதில்லை. முடிந்துபோன களிம்புக் குழாயொன்றைப் பேரப்பிள்ளையின் கையிற் கொடுத்து, "இதைப்போல ஒன்று" என்று சொல்லி அனுப்புகின்றாள். தானே வருபவளாயின், கடையில் ஆடவர் எவரும் இல்லாத நேரம் பார்த்து, "கடிக்குப் பூசுகிற மருந்து" என்ற அளவோடு நிறுத்திக்கொள்கின்றாள். விற்பவர் வயதைக் கேட்பதில்லை. எவ்விடத்துக் கடி என்றும் கேட்பதில்லை. வேறு என்ன மருந்து எடுக்கப்படுகின்றது என்றும் கேட்பதில்லை. கேளாமையே மரியாதை எனக் கொள்ளப்படுகின்றது. கடதாசியிற் சுற்றிய பொருள் கைமாற, விடயம் முடிகின்றது.

இம்மரியாதையின் விலை என்ன? பெண்களுக்கு ஐம்பது வயதையொட்டி மாதவிடாய் நின்றதும் ஈஸ்திரஜன் எனும் ஓமோன் பெரிதும் குறைகின்றது. யோனியின் உட்சுவர் மெலிந்து உலர்கின்றது; இயல்பான அமிலத்தன்மை குறைய, அவ்விடத்தைக் காத்துநின்ற பற்றீரியாக்களும் அருகுகின்றன. எரிவு, கடி, உறவின்போது நோவு, அடிக்கடி வரும் சலக்கடுப்பு ஆகியன இதன் விளைவுகள். சிகிச்சையின்றி விடின் இந்நிலை தானாகத் தணிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மிகுவதே வழக்கம். இதற்கு உரியவை உலர்வைப் போக்கும் பூச்சும், வைத்தியர் விதிக்கும் சிற்றளவு ஈஸ்திரஜன் மருந்துமாகும். ஆனால் "கடி" என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கடையிற் கிடைப்பது பங்கசுக்கு எதிரான குளோற்றிமசோல் களிம்பு. நீரிழிவோ ஓமோன் சிகிச்சையோ இல்லாத மூதாட்டியிடத்துப் பங்கசுத் தொற்று இளமைக் காலத்திலும் பார்க்க அரிது. அதாவது, இளம்பெண்ணின் நோய்க்குரிய மருந்தே மூதாட்டிக்கு விற்கப்படுகின்றது.

அதனாற் குணங்காணாதவிடத்து அடுத்ததாக வருவது கலவைக் களிம்பு. கடுமையான ஸ்டீரொயிட், பங்கசுக்கொல்லி, பற்றீரியாக்கொல்லி ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே உள்ளன. சில நாட்களிற் கடி அடங்கிவிடுகின்றது. இவ்வாறு அடங்குவதிலேயே ஆபத்து உள்ளது. மருந்தை நிறுத்தியதும் கடி மீளுகின்றது; மீண்டும் அதே குழாய் வாங்கப்படுகின்றது. ஏற்கனவே மெலிந்த தோல் மேலும் மெலிகின்றது. தொற்று இருப்பின் அதன் தோற்றம் மாறி, பின்னர் காணும் வைத்தியரையும் மயக்குகின்றது.

இக்களிம்பின் கீழ் மறைந்துகிடக்கக்கூடியவை சாதாரணமானவை அல்ல. அந்தரங்க உறுப்பிலே தோன்றும் தீராக் கடி சிலரிடத்து நீரிழிவின் முதல் அறிகுறியாகும். தோல் வெண்மையுற்று வெடிக்கும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் எனும் நோய் மாதவிடாய் நின்ற பெண்களிடத்தே மிகுதியாகக் காணப்படுவது. அதற்குக் கடுமையான ஸ்டீரொயிட் களிம்பே மருந்து என்பது உண்மை. ஆனால் நோயை நிச்சயித்து, அளவு வகுத்து, தொடர்ந்து பார்வையிட வேண்டும். ஏனெனில் ஒரு சிறு தொகையினரிடத்து அது புற்றுநோயாக மாறுகின்றது. இவற்றினும் பாரதூரமானது மாதவிடாய் நின்று ஓராண்டின் பின்னர் காணும் இரத்தக்கசிவு. அண்ணளவாகப் பத்துப் பேரில் ஒருவரிடத்து இதன் காரணம் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயாகும். தொடக்கத்திலே கண்டுபிடிக்கப்படின் அது பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது. "சூடு" என்றும் "மூலம்" என்றும் பெயரிடப்பட்டுக் குளிர்ச்சிக்கான கைமருந்துகளோடு கழிகின்ற மாதங்கள், உயிரைக் காத்திருக்கக்கூடிய மாதங்களாகும்.

ஆடவர் நிலையும் இதனின் வேறன்று. 1998 இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற சில்டெனபில் குளிசை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இருதய நோவுக்கு நைத்திரேற்று வகை மருந்து எடுக்கும் ஒருவர் இதனையும் உட்கொள்வாராயின், குருதியமுக்கம் உயிராபத்து விளையுமளவுக்கு வீழ்ச்சியடையலாம். கிளினிக்கில் நைத்திரேற்றும் கடையிற் சில்டெனபிலும் பெறும் முதியவரிடம் இவ்விரண்டையும் சேர்த்து விசாரிப்பார் எவருமிலர். மேலும், ஆண்மைக் குறைபாடு எனப்படுவது பலரிடத்து இருதயக் குருதிக்குழாய் நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னர் வரும் எச்சரிக்கையாகும். இரவில் அடிக்கடி சலம் போகும் முதியவர், தடிமனுக்கென வாங்கும் குளோர்பெனிரமின் குளிசையினாற்கூட, புரோஸ்டேற் சுரப்பி வீங்கியிருப்பின், சலம் அடைபட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச்செல்லப்படும் நிலைக்கு ஆளாகலாம். ஒரேயொரு கேள்வி இதனைத் தடுத்திருக்கும்.

இந்நிலைக்கு முதியோரின் அறியாமையே காரணம் என்பார் உளர். படித்தவர்க்கு இது வசதியான விளக்கம். அறியாமை அறிவிக்கப்படாமையின் விளைவு என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் விடியற்காலை முதல் வரிசையிற் காத்திருந்து, ஒரு மேசையின் இருபுறமும் இரு நோயாளர் ஏககாலத்திலே விசாரிக்கப்படும் இடத்தில், மகன் வயதுடைய வைத்தியரிடம் யோனி எரிவைப் பற்றி ஒரு மூதாட்டி எவ்வாறு சொல்வாள்? வைத்தியருக்குத் தமிழ் தெரியாதவிடத்து நிலைமை இன்னும் மோசமானது. மருமகளோ பேரனோ மொழிபெயர்க்க வேண்டும். அக்கணமே அந்தரங்கம் இல்லாதொழிகின்றது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, இங்கு தனித்திருக்கும் பெற்றோருக்கு மருந்துக்கான பணம் வருகின்றது. உடன்செல்லும் துணை வருவதில்லை. தோட்டப்புறத்திலோ சிகிச்சை பெறுவதற்கு ஒரு நாட் சம்பளத்தை இழக்கவும் நேர்கின்றது. இந்நிலையிற் பாமசி மேசையை நாடுதல் அறியாமையன்று. எஞ்சியிருக்கும் ஒரே வழி அதுவே.

"இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்பது இரண்டாவது வாதம். பெண்ணின் உடல் மகப்பேற்றுக்காக மட்டுமே உள்ளது என்ற கருத்தின் மறுவடிவமே இது. பொதுச் சுகாதார அமைப்பும் இக்கருத்தினின்று முற்றாக விடுபடவில்லை. கர்ப்பிணித் தாயின் வீட்டுப்படலையைத் திறந்துவரும் குடும்பநல உத்தியோகத்தர், அவளது தாயின் நோயைக் கேட்கும்படி பணிக்கப்படவில்லை. 1996 இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் பெரும்பயன் விளைத்தவை. ஆயினும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அவை முதன்மையாக அழைப்பது 35, 45 ஆகிய வயதினரையே. எரிவும் உலர்வும் தொடங்கும் ஐம்பதுக்குப் பின்னர் அவளைத் தேடி எவ்வழைப்பும் வருவதில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கை மக்களுள் 12.4 வீதத்தினர் அறுபதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் அவ்வீதம் மேலும் உயர்ந்துள்ளது. இத்தனை பேரின் நோயை "எதற்கு" என்ற சொல்லால் ஒதுக்குதல் கொடுமையாகும்.

மூன்றாவது வாதமே பண்பாட்டின் பெயரால் வருவது: நாணம் தமிழர் பண்பு, அதனைக் கெடுத்தலாகாது என்பது. இவ்வாதத்தை முன்வைப்போர் திருக்குறளை ஒருமுறை மீள நோக்குதல் நன்று. நாணுடைமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர், தகாத செயல் குறித்து நாணுவதே நாணம் என வரையறுத்து, குலமகளிரின் இயல்பான நாணத்தை அதனின்றும் வேறாக்குகின்றார். நோய் எவரது தகாத செயலுமன்று. அவரே மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடும்படி பணிக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, துணைநிற்பவர் என நான்கும் கூடியதே மருத்துவம் என்கின்றார். இன்று பாமசி மேசையில் நடைபெறுவது என்ன? நோயாளி மறைந்திருக்கிறாள், மருத்துவர் இல்லை, துணைநிற்பவர் அறியார், மருந்து மாத்திரம் உண்டு. நான்கில் ஒன்று மட்டும் எஞ்சிய இவ்வேற்பாட்டைத் தமிழ்ப் பண்பாடு எனக் காத்துநிற்றல் நகைப்புக்குரியது.

இவ்வேற்பாடு யாருக்கேனும் இலாபம் தருவதனாலேயே நிலைத்துள்ளது. வெட்கப்படும் நுகர்வோன் விலை பேசுவதில்லை. மருந்தின் பொதுப்பெயரைக் கேட்பதில்லை. பலனளிக்காத பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து முறையிடுவதுமில்லை. சந்தைக்கு இவனிலும் சிறந்த நுகர்வோன் கிடைப்பானா? 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கை, மருந்தை வணிகப் பெயர்களின் பிடியினின்றும் விடுவித்துப் பொதுப்பெயரால் வழங்கும்படி கோரியது. அதன்வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 2015 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டமும் இயற்றப்பட்டது. மருந்தின் பெயருக்காகவும் விலைக்காகவும் தரத்துக்காகவும் நிகழ்ந்த போராட்டத்தின் அடுத்த படி, மருந்து கைமாறும் தறுவாயில் நிகழவேண்டிய உரையாடலுக்கான போராட்டமாகும்.

வைத்தியர் துண்டின்றி எதனையும் விற்கலாகாது என்பது இதன் பொருளன்று. அத்தகைய தடை முதியோரை இன்னும் இருண்ட சந்தைகளுக்கே துரத்தும். பிரித்தானியாவில் 2018 முதல் சில்டெனபிலும், 2022 முதல் மாதவிடாய் நின்ற, ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களுக்குச் சிற்றளவு ஈஸ்திரஜன் யோனிக்குளிசையும் வைத்தியர் துண்டின்றியே பாமசியிற் கிடைக்கின்றன. ஆனால் மருந்தாளர் முதலில் விசாரிக்கின்றார்: இருதய நோய் உண்டா, நைத்திரேற்று எடுப்பதுண்டா, இரத்தக்கசிவு உண்டா என்று. பொருத்தமில்லையெனின் விற்காது வைத்தியரிடம் அனுப்புகின்றார். அங்கும் இங்கும் மேசை ஒன்றே, கேள்வியே வேறுபாடு.

ஆகவே வேண்டப்படுவன தெளிவானவை. தகைமைபெற்ற மருந்தாளர் ஒவ்வொரு பாமசியிலும் பெயரளவிலன்றி நேரில் இருத்தல் வேண்டும். தனித்துப் பேசுதற்கு ஒரு மறைவிடம் வேண்டும். ஸ்டீரொயிட் கலவைக் களிம்புகள் கேட்டவர்க்கெல்லாம் விற்கப்படுதல் நிறுத்தப்பட வேண்டும். சுகவனிதையர் கிளினிக் ஐம்பதைக் கடந்தவளையும் பெயர்சொல்லி அழைக்க வேண்டும். தமிழ் நோயாளி தன் நோயைத் தன் மொழியில், உறவினரின் வாய்வழியன்றி, சொல்லத்தக்க நிலை ஆஸ்பத்திரிகளில் உருவாக வேண்டும்.

இறுதியாகக் கூறப்பட்டதில் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் நேரடிப் பொறுப்புண்டு. இவற்றைச் சொல்லத் தமிழிற் கண்ணியமான சொற்கள் இல்லை என்பது வெறும் சாட்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கூச்சமின்றிப் பேசிய மொழி இன்று கூசி நிற்பதற்குக் குற்றம் மொழியினதன்று. அதனைக் கையாளும் படித்த வர்க்கத்தினது. பாமசி மேசையில் ஒட்டத்தக்க ஒரு பக்க அறிவித்தலை, மூதாட்டியொருத்தி வாசித்து விளங்கத்தக்க தமிழில் எழுதுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. மருத்துவ பீடத்து மாணவரும் கலைப்பீடத்து மாணவரும் ஒரு மாலைப்பொழுது கூடியிருந்தாற் போதும். "மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டால் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்" என்பதே அதன் முதல் வரியாக இருக்கட்டும்.