பிரஷ்ஷைத் தொட விடாத வகுப்பு எதற்கு?



நம்ம கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் இப்போ கல்யாணத்துக்கு மண்டபம் பேசும்போதே மேக்கப்புக்கும் ஆள் பேசிவிடுகிறார்கள். கரிசல் காட்டுப் பெண்ணுக்கு மஞ்சளும் பவுடரும் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. தப்பில்லை, நாலு பெண்களுக்குப் பிழைப்பு. ஆனால் அந்த வேலையைக் கற்றுத் தருவதும் ஒரு வியாபாரமாகிவிட்டதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அம்மாவின் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

பெரிய மேக்கப் கலைஞர் வருகிறார், ஒரே நாள் வகுப்பு, சர்டிபிகேட் உண்டு என்கிறார்கள். போய் உட்கார்ந்தால் மேடையில் சிவப்பாக ஒரு பெண். அவர் போடுவார், இவர்கள் பார்ப்பார்கள். சாயங்காலம் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுவதை வேடிக்கை பார்த்தே படித்தவள் நம்ம ஊரில் யாராவது உண்டா? கை பழகாமல் எந்த வேலையும் வராது.

இந்த பிரஷ் பெண்கள் கைக்குச் சும்மா வந்துவிடவில்லை. மும்பை சினிமாவில் மேக்கப் போடுவது ஆண்களுக்கு, தலை அலங்காரம் மட்டும் பெண்களுக்கு என்று சங்கமே விதி வைத்திருந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் முறையாகப் படித்து வந்த சாரு குரானாவுக்கும் மேக்கப் கலைஞர் என்று உறுப்பினர் அட்டை தர மறுத்தார்கள். அவர் விடவில்லை, சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2014 நவம்பர் 10ஆம் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு.லலித்தும் அந்த விதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அப்படி வந்த பிரஷ்ஷை நம்ம பிள்ளைகள் வேடிக்கை பார்க்க மட்டும் காசு கொடுப்பதா?

பணம் கட்டும் முன்னால் கேளுங்கள். என் மகள் கையால் எத்தனை முகத்துக்குப் போட விடுவீர்கள்? அதில் மாநிறம், கறுப்பு எத்தனை? நம்ம நிறத்துக்குப் போடுவது தனி வித்தை. மணிக்கட்டில் தடவி ஃபவுண்டேஷன் எடுத்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாகத்தான் நிற்கும். தாடை ஓரத்தில் தடவி, பகல் வெளிச்சத்தில் பார்க்கணும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் வெளுப்பை அப்பினால் சாம்பல் பூத்துவிடும். முதலில் கொஞ்சம் ஆரஞ்சு நிற கரெக்டர் வேண்டும். சித்திரை வெயிலில், மண்டபத்துப் புழுக்கத்தில் நிற்க வேண்டுமானால் மெல்லிசாகத்தான் போடணும். பவுடரைத் தேய்க்காமல் ஒற்றணும்.

அதைவிட முக்கியம் சுத்தம். ஒரு முகத்துக்குப் போட்ட பிரஷ்ஷைக் கழுவாமல் அடுத்த முகத்துக்கு எடுக்கக் கூடாது. லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் வைக்காமல் சுரண்டி எடுத்துத் தடவணும். புதுச் சாமானை முந்தின நாளே முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கணும். முகூர்த்தத்தன்று மணப்பெண் முகம் தடித்துப் போனால் யார் பதில் சொல்வது? இதையெல்லாம் சொல்லித் தருகிறவர்தான் வாத்தியார்.

படித்து முடித்தபின் 'அசிஸ்டென்ட்' என்று ஒன்று இருக்கிறதே, அது இன்னொரு கூத்து. விடிகாலை மூணு மணிக்குப் பெட்டி தூக்கணும், பின் எடுத்துக் கொடுக்கணும், கொசுவம் பிடிக்கணும். பஸ் காசு கூடக் கையில் வராது. கேட்டால் 'அனுபவம் கிடைக்குதுல்ல' என்பார்கள். குலசை தசராவுக்கு வேஷம் போட்டுவிடுகிறவர்கள்கூட, கூட வந்த பையனைக் கலர் குழைக்க விட்டு, அப்புறம் முகத்தில் கை வைக்க விடுகிறார்கள்.

கம்மலை அடகு வைக்கத்தான் வேண்டுமா? ஐ.டி.ஐ.யில் காஸ்மெடாலஜி என்று ஒரு வருஷப் படிப்பே இருக்கிறது. பத்தாவது பாஸானால் போதும். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் கிராமத்துப் பெண்களுக்கு அழகுக்கலையை இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள், சாப்பாடும் போட்டு. நம்ம மாவட்டத்தில் அடுத்த வகுப்பு எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் ஒரு தடவை விசாரியுங்கள். அங்கே படித்துவிட்டு, பிறகு நல்ல கலைஞர் ஒருவரிடம் சேரலாம்.

நம்ம பக்கத்தில் பார்லர் வைத்திருக்கும் சகோதரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு சீசனுக்கு ஒரு பிள்ளையையாவது சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்களேன். மணப்பெண்ணுக்கு வேண்டாம், அத்தைக்கும் சித்திக்கும் அவளைப் போட விடுங்கள். யாராவது அப்படிச் செய்கிறவர்கள் இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். எங்கள் தெருவிலேயே ரெண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி