எந்த ஹார்மோனை, எதற்காக அளக்கிறோம்?

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலும் தியாகராய நகர் பனகல் பூங்காவிலும் காலை நடை முடித்துத் திரும்புவோருக்குப் பரிசோதனைக் கூடங்களின் துண்டறிக்கைகள் புதியவை அல்ல. சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை. வீட்டிற்கே வந்து ரத்தம் எடுத்துச் செல்வர். மாலைக்குள் முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும். சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றோடு தைராய்டு, இன்சுலின், கார்ட்டிசால், டெஸ்டோஸ்டிரோன் என ஹார்மோன்களின் நீண்ட பட்டியலும் இப்போது அவற்றில் இடம்பெறுகிறது. அந்தத் தாளில் தடித்த எழுத்தில் அச்சான ஓர் எண்ணைக் கண்டு கலங்கி, குடும்பத்தோடு மருத்துவரைத் தேடி வருவோர் பலர்.

வருமுன் காக்க நினைப்பது நல்ல குணம். ஆனால் ஹார்மோன்களை மொத்தமாக அளந்து பார்ப்பது வருமுன் காத்தல் ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. சில பரிசோதனைகளை யாரும் தவறவிடக் கூடாது. வேறு சிலவற்றை அறிகுறி ஏதுமின்றிச் செய்துகொள்ளத் தேவையே இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது நலத்திற்கும் நல்லது, குடும்பத்தின் பணத்திற்கும் நல்லது.

தடித்த எழுத்தின் பொருளை முதலில் அறிந்துகொள்வோம். பெரும்பாலான பரிசோதனைகளில் ‘இயல்பு வரம்பு’ என்பது நலமாக உள்ளவர்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகளைக் கொண்டு வகுக்கப்படுகிறது. ஆகவே எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவருடைய அளவு வரம்பிற்கு வெளியேதான் இருக்கும். ஒன்றையொன்று சாராத பத்துப் பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொள்ளும் நலமான மனிதருக்கு, அவற்றில் ஒன்றேனும் வரம்பு மீறிக் காட்ட ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்புண்டு. பட்டியல் நீள நீள, இல்லாத நோயைத் தேடி அலையும் வாய்ப்பும் வளர்கிறது.

அடுத்து, நம் ஊரில் மிகுதியாகச் செய்யப்படும் தைராய்டு பரிசோதனைக்கு வருவோம். டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் ஆணை. தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஆணை உரக்க ஒலிக்கும், டி.எஸ்.எச். ஏறும், மிகையாகச் சுரந்தால் ஆணை அடங்கும், டி.எஸ்.எச். இறங்கும். சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5376 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அதை அதுவரை அறிந்திருக்கவில்லை. எனவே தைராய்டு குறைபாட்டை அரிதான நோய் என்று ஒதுக்கிவிட இயலாது.

அதே ஆய்வில் மேலும் 8 விழுக்காட்டினருக்கு டி.எஸ்.எச். மட்டும் சற்று உயர்ந்திருந்தது. தைராய்டு ஹார்மோன் இயல்பாகவே இருந்தது. மருத்துவர்கள் தடுமாறுவதும் குடும்பங்கள் அஞ்சுவதும் இங்கேதான். இந்த லேசான உயர்வு சில மாதங்கள் கழித்துப் பார்க்கையில் பலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. வயது கூடக் கூட டி.எஸ்.எச். சிறிது ஏறுவதும் இயற்கையே. ஐரோப்பாவில் 65 வயது கடந்த, இத்தகைய லேசான உயர்வு கொண்ட 737 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. ஓராண்டு லிவோதைராக்சின் உட்கொண்டவர்களுக்கும் மருந்தற்ற மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் இடையே, சோர்விலோ மற்ற தைராய்டு அறிகுறிகளிலோ வேறுபாடு காணப்படவில்லை. தேவைக்கு மீறிய தைராய்டு மருந்தோ முதியவர்களின் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கலாம். எலும்பை மெலியச் செய்யலாம். ஒரே ஒரு முடிவை நம்பி எழுபது வயதுத் தாய்க்கு வாழ்நாள் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன், மறுபரிசோதனை செய்து பார்ப்பதே முறை.

அப்படியானால் யாருக்குத் தவறாமல் செய்ய வேண்டும்? பிறந்த குழந்தைக்கு முதலில். ஏறக்குறைய ஆயிரம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு காணப்படுகிறது. பார்வைக்கு அக்குழந்தை நலமாகவே தோன்றும். முதல் இரு வாரங்களுக்குள் கண்டறிந்து மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும்; மாதங்கள் கடந்தபின் கண்டறிந்தால் இழந்ததை முழுமையாக மீட்க இயலாது. குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தம் ஒரு வாழ்க்கையையே மாற்றுகிறது. மகப்பேறு முடிந்து வீடு திரும்புமுன், ‘இப்பரிசோதனை ஆயிற்றா?’ என்று பாட்டியோ தந்தையோ கட்டாயம் கேட்க வேண்டும்.

கருவுற்ற பெண்கள், கருத்தரிப்பில் தாமதம் உள்ளவர்கள், கழுத்தில் வீக்கம் உடையவர்கள், நெருங்கிய உறவினருக்குத் தைராய்டு நோய் உள்ளவர்கள், முதல் வகை நீரிழிவு உடையவர்கள், லித்தியம், அமியோடரோன் ஆகிய மருந்துகளை உட்கொள்பவர்கள் ஆகியோருக்கும் தைராய்டு பரிசோதனை பொருள் உடையது. காரணமற்ற சோர்வு, எடை மாற்றம், மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு ஆகியவை நீடித்தாலும் அவ்வாறே.

இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான். ஆயினும் நீரிழிவை முன்கூட்டி அறிய, பெரும்பாலோருக்கு இன்சுலினை அளக்கத் தேவையில்லை. ரத்தச் சர்க்கரையை அளந்தாலே போதும். இதற்குச் சென்னையே நல்ல சான்று. மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவர்தம் குழுவினரும் எளிய முறையொன்றைப் பரப்பினர். கருவுற்ற பெண் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் பருகி, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளலாம். மலிவானது, தெளிவானது, முடிவு தெரிந்ததும் செய்ய வேண்டியது இன்னது என்பதும் தெரிந்தது. நல்ல முற்காப்புப் பரிசோதனைக்கு இம்மூன்றுமே இலக்கணம்.

கார்ட்டிசால், டெஸ்டோஸ்டிரோன் போன்றவற்றுக்கு இவ்விலக்கணம் பொருந்துவதில்லை. இரண்டும் காலையில் உயர்ந்து மாலையில் தாழ்பவை. பகல் மூன்று மணிக்கு எடுத்த ரத்தத்தைக் கொண்டு குறைபாடு என முடிவு செய்யலாகாது. ஊசியைக் கண்ட அச்சமே புரோலாக்டினை உயர்த்திவிடும். நாற்பத்தைந்து வயது கடந்த பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறி உடலில் வெப்ப அலை வீசுமானால், மாதவிடாய் நிற்கும் பருவம் அது என்றறியப் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையே வேண்டாம். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

தேவையான பரிசோதனையையும் முறையாகச் செய்துகொண்டால்தான் பயன். தலைமுடிக்கும் நகத்திற்கும் என விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில கருவிகளில் தைராய்டு அளவுகளைத் திரித்துக் காட்டும். மருத்துவரிடம் சொல்லி, குறைந்தது இரண்டு நாள் முன்னரே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் அன்றைய மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுப்பது நன்று. மருந்தின் அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபரிசோதனை. காய்ச்சலோ வேறு கடும் நோயோ உள்ள நாள்களில் அவசரமின்றிப் பார்க்க வேண்டாம். இயன்றவரை ஒரே கூடத்தில், ஒரே வேளையில் செய்துகொள்ளுங்கள். பழைய முடிவுகளையும் கொண்டுவாருங்கள். ஓர் எண்ணைவிட எண்களின் போக்கே மிகுதியாகப் பேசும்.

அடுத்த முறை ஒரு பரிசோதனை பரிந்துரைக்கப்படும்போது, எழுதுபவர் எவராயினும், தயங்காமல் கேளுங்கள்: இதனால் எதை அறிய விழைகிறோம்? முடிவு உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ என் சிகிச்சையில் என்ன மாறும்? இப்போதே செய்ய வேண்டுமா? இக்கேள்விகளால் எந்த நல்ல மருத்துவரும் மனம் நோக மாட்டார். ஏற்கெனவே மாத்திரை உட்கொண்டு வருபவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். தாளையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு, உங்கள் மருத்துவரிடமே இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.