யதார்த்தமும் ஜாதியும்

“யதார்த்தத்தைப் பார்த்து நடந்து கொள்ளுங்கள்” என்கின்ற உபதேசம் நமது காதில் விழாத நாளே இல்லை. ஜாதி ஒழிய வேண்டுமென்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு நாம் மேடையைவிட்டு இறங்கினால், “தாங்கள் சொல்வதெல்லாம் நியாயந்தான், ஆனால் யதார்த்தத்துக்கு ஒத்துவராதே” என்று சொல்ல ஒரு கனவான் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் நமக்கு விரோதியல்ல. வெகு மரியாதையாய்க் கையைப் பிடித்துக்கொண்டே சொல்லுகிறவர். ஆகவே இந்த ‘யதார்த்தம்’ என்னும் வார்த்தை எந்தெந்த இடத்தில் என்னென்ன அர்த்தத்தோடு வந்து, யார் யாருக்கு உதவியாயிருந்திருக்கிறது என்பதைச் சற்று விசாரிக்க விரும்புகிறோம்.

தத்துவக்காரர்கள் யதார்த்தவாதம் என்று சொல்வது, நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் உலகத்துப் பொருள்கள் தம்பாட்டுக்கு இருந்துகொண்டிருக்கின்றன என்கிற கொள்கையையாகும். அயர்லாந்துக்காரரான பெர்க்லி என்ற பாதிரியார், மனத்துக்கு வெளியே ஜடப்பொருள் என்பதே கிடையாது என்று 1710-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1763-ல் இந்தப் பேச்சு வந்தபோது டாக்டர் ஜான்சன் ஒரு பெரிய கல்லைக் காலால் ஓங்கி உதைத்து, இதுவே தமது மறுப்பு என்றாராம். உதைத்த காலுக்கு வலித்த வரையில் கல் உண்டு என்பதில் நமக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆனால் நமது நாட்டுச் சாஸ்திரக்காரர்கள் கல்லோடும் மண்ணோடும் நின்றுவிடவில்லை. நியாயம், வைசேஷிகம் என்னும் தர்க்க மதத்தார், பசுக்கள் இருப்பது மாத்திரமல்ல, எல்லாப் பசுக்களிலும் ‘பசுத்தன்மை’ என்று ஒன்று தனியாய், நித்தியமாய், ஒன்றேயாய் இருந்து வருகிறது, பசு செத்தாலும் அது சாவதில்லை என்றார்கள். அதற்குச் சாமானியம் என்றும் ‘ஜாதி’ என்றும் பெயர் வைத்தார்கள். வாசகர்கள் இந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். பசுவோடு நின்றிருந்தால் இதைப் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். 7-ம் நூற்றாண்டில் மீமாம்சைக்காரரான குமாரிலபட்டர் இதை மனிதர்கள் தலைமேல் கொண்டுவந்து வைத்தார். பொன்னை நிறத்தால் அறிகிறோம், நெய்யை மணத்தால் அறிகிறோம், குதிரையைக் கனைப்பால் அறிகிறோம், அதுபோலவே பிராமணத்தன்மையைப் பிறப்பால் அறியலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

எப்படியிருக்கிறது பாருங்கள்! பொன்னின் நிறத்தைக் குழந்தையும் பார்க்கும். குதிரை கனைத்தால் அயலூர்க்காரனுக்கும் கேட்கும். நான்கு பேருக்கு ஒரே மாதிரி உடை உடுத்தி வரிசையாய் நிறுத்தினால், இன்னாருக்கு இன்னார் தாய் தகப்பன் என்று ஒருவர் வந்து சொல்லாமல், அந்தத் ‘தன்மை’ யாரிடம் இருக்கிறதென்று எந்தக் கண்ணுக்காவது தெரியுமா? மாட்டை மாடென்று அறிய இந்தச் சாட்சி வேண்டியதில்லையே! பிறர் சொல்லித்தான் தெரியவேண்டிய ஒன்றைக் கண்ணெதிரே உள்ள பொருள் என்று சாதித்ததுதான் இவர்களுடைய யதார்த்தம்.

சரி, உலகமே பொய் என்கிற அத்வைதிகளிடம் போனாலாவது ஜாதியும் பொய்யாகுமா என்றால், அங்கேயும் அது பத்திரமாகவே இருக்கிறது. பிரமம் ஒன்றே சத்தியம் என்று எழுதிய சங்கராச்சாரியார், அதே பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சூத்திரனுக்கு வேதாதிகாரம் இல்லையென்று ஸ்தாபித்து, வேதத்தைக் கேட்டவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் நிரப்பச் சொல்லுகிற ஸ்மிருதியையும் ஆதாரம் காட்டுகிறார். கேட்டால், “அது பரமார்த்தம், இது வியவகாரம்” என்கிறார்கள். அதாவது மாடியில் பேதமில்லை, வாசலில் உண்டு. காய்ச்சிய ஈயம் மாயையா என்பதைக் காதுடையவனைக் கேட்டல்லவா தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்த ‘ஜாதிப் பொருளை’ அந்தக் காலத்திலேயே மறுத்தவர்கள் பௌத்தர்கள். அவர்களில் தர்மகீர்த்தி என்பவர் வைத்த சோதனை மிகவும் எளிது. ஒன்று உள்ளது என்றால் அது ஏதாவதொரு காரியம் செய்ய வேண்டும். நெருப்பு சுடும், தண்ணீர் தாகம் தணிக்கும். பால் கொடுப்பது பசுவே தவிரப் பசுத்தன்மையல்ல. ஜாதிச் செருக்கை அறிவு மழுங்கியதன் அடையாளங்களில் ஒன்றாகவும் அவர் சேர்த்து வைத்தார்.

இங்கே நமது கனவான் குறுக்கிடுவார்: “ஜாதியும் சுடத்தானே செய்கிறது? ஜாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்டவர்களை இன்றைக்கும் வெட்டுகிறார்களே, அது உள்ள பொருளில்லையா?” கேள்வி சரியானதே. ஆனால் வெட்டுவது எது? அரிவாளும் அதைப் பிடித்த கையும். மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அது செங்கல்லும் சாந்தும். ஜான்சன் உதைத்திருந்தால் அதுவும் காலை வலிக்கச் செய்திருக்கும். ஆனால் அது நித்தியமான எந்தச் சாமானியத்திலிருந்தும் முளைக்கவில்லை. மனிதர் கட்டினார்கள். 2008 மே மாதம் 6-ந் தேதி அரசாங்கத்தார் அதில் ஒரு பகுதியை இடித்து வழி விட்டார்கள். சுவர் யதார்த்தம், இடித்ததும் யதார்த்தம். இவற்றில் முன்னதை மாத்திரம் யதார்த்தம் என்று சொல்லி நம்மை அடக்கப் பார்ப்பதுதான் புரட்டு.

சித்திரக்காரர்களும் இந்த வார்த்தையை இரண்டு விதமாய் வழங்கியிருக்கிறார்கள். பிரெஞ்சு தேசத்துக் கூர்பே என்பவர் 1849-ல், ரோட்டோரத்தில் கல்லுடைக்கும் ஒரு கிழவனையும் ஒரு பையனையும் எழுதினார். தேவர்களுக்கும் ராஜாக்களுக்கும் ஒதுக்கிவைத்திருந்த பெரிய அளவில், கிராமத்து ஜனங்கள் கூடிய ஒரு சாவுச் சடங்கையும் எழுதினார். பாரிஸ் பெரிய மனிதர்கள் அவலட்சணம் என்று முகம் சுளித்தார்கள். 1855-ம் வருஷத்துக் கண்காட்சியில் தமது படங்கள் சிலவற்றைச் சேர்க்க மறுத்தவுடன், அவர் தாமே பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு அதற்கு யதார்த்தவாதம் என்று பெயர் எழுதி வைத்தார். கண்ணால் காணும் உள்ள பொருளைத்தான் சித்திரம் காட்ட முடியும் என்பது அவர் கட்சி. அந்தக் கல்லுடைப்போர் படம் 1945-ல் யுத்தத்தில் அழிந்துபோயிற்று.

நம் பக்கத்து ரவிவர்மாவும் ஐரோப்பிய முறையில், சதை சதையாகவும் சேலை சேலையாகவும் தெரியும்படி எழுத வல்லவர்தான். அவர் கைத்திறமையில் நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திறமை எதற்குப் பயன்பட்டது? ஒருவரும் பார்த்திராத சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் அயல்வீட்டு அம்மாளின் முகமும் தோலும் கிடைத்தன. 1894-ல் பம்பாயில் அவர் வைத்த அச்சுக்கூடத்திலிருந்து அவை ஏராளமாய் வெளிவந்து, ஏழை வீட்டுச் சுவர்வரையில் ஏறிவிட்டன. கல்லுச்சிலையில் வராத நம்பிக்கை இந்தக் காகிதத்தில் வந்துவிட்டது! கடவுள் என்றால் எப்படியிருப்பார் என்று குழந்தையைக் கேட்டால், அது இன்றைக்கும் அந்த நகையையும் சேலையையும்தான் சொல்லும். இல்லாததை இருப்பதுபோல் எழுதுவதும் யதார்த்தம், இருந்தும் ஒருவரும் பார்க்க விரும்பாததை எழுதுவதும் யதார்த்தம் என்றால், பெயரை மாத்திரம் கேட்டு ஏமாறக்கூடாதல்லவா?

மறுபடியும் நமது கனவானிடம் வருவோம். ஊரோடு ஒக்க ஓட வேண்டும் என்பதுதான் அவர் யதார்த்தத்துக்குச் செய்யும் வியாக்கியானம். 1928-ல் சுக்கிலநத்தத்தில் புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் சுயமரியாதைக் கலியாணம் நடந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். 1953-ல் சென்னை ஹைகோர்ட்டு அப்படி நடந்த கலியாணம் சட்டப்படி செல்லாது என்று சொன்னவுடன், “பார்த்தீர்களா யதார்த்தத்தை” என்று கேட்டவர்களுக்குப் பஞ்சமிருந்திருக்காது. அந்தக் காலத்தில் அப்படி மணந்திருந்த பெண்களின் நிலைமையையும் அவர்கள் பிள்ளைகளின் சொத்துரிமையையும் நினைத்தால், அது விளையாட்டான சங்கதியல்ல என்பது விளங்கும். எத்தனையோ குடும்பங்கள் அதைத் தெரிந்துகொண்டே அம்முறையை விடாமல் நடத்தி வந்தன. 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் செய்தது. இனி நடப்பவை மாத்திரமல்ல, முன்னே நடந்தவையும் செல்லும் என்று அச்சட்டம் சொல்லிற்று.

யதார்த்தம் பேசும் பெற்றோர்களுக்குப் பயந்து நிற்கும் வாலிபர்கள் இந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறதென்பதை நன்றாய்த் தெரிந்துகொள்ள வேண்டும். உறவினரோ சிநேகிதரோ முன்னிலையில், இருவரும் தமக்குத் தெரிந்த பாஷையில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொள்வதாய்ச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை, ஜாதி கேட்பாரும் இல்லை. ஊரறியப் பகிரங்கமாய் நடத்தினால்தான் செல்லும் என்பதில்லையென்று சுப்ரீம் கோர்ட்டும் 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.