வானத்திலும் துண்டு முறையா?

தொழிலாளியின் கைத்திறன் யாருக்குச் சொந்தம்? கற்று உழைத்தவனுக்கா, கூலி கொடுத்து அவ்வுழைப்பை வாங்கியவனுக்கா? மலைநாட்டிலே முதல் தேயிலைக் கன்று நட்ட காலந்தொட்டு நம்மவர் கேட்டுவரும் கேள்வி இது. இன்று அதே கேள்வியை, சரக்கு விமானம் ஓட்டி வேலையிழந்த விமானியும் கேட்கின்றான். லிந்துலையிலே இருந்துகொண்டு ஆகாயத்தில் பறப்பவனுக்காக ஏன் வாதாட வேண்டும் என்று சிலர் நகைக்கலாம். வாதாட வேண்டிய காரணமும் நமக்குண்டு. வாதாடும் தகுதியோ பிறரினும் அதிகமாக நமக்குண்டு.

காரணத்தை முதலில் கூறுவோம். இந்நாட்டு விவசாயியின் காய்கறியும் பழமும் கட்டுநாயக்காவிலிருந்து மாலைதீவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விமானமேறிச் செல்கின்றன. அவற்றைச் சுமந்து செல்பவன் நம் விளைச்சலுக்கு ஒரு வண்டிக்காரன். அன்றியும், கல்வியால் உயர்ந்த தமிழ்க் குடும்பங்களிலே, காணியை ஈடு வைத்தும் நகையை அடகு வைத்தும் மகனையோ மகளையோ விமானப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இன்று இருக்கின்றனர். அத்தொழிலின் மேட்டை மட்டும் பார்த்துப் பள்ளத்தைப் பாராதிருப்பது அறிவுடைமையாகாது.

சரக்கு குறைந்தால் சிறகும் ஒடியும்

பயணிகள் விமானத்தைவிடச் சரக்கு விமானத்தின் தலைவிதி சந்தையோடு இறுகப் பிணைந்தது. கொவிட் பெருந்தொற்றின்போது பயணிகள் விமானங்கள் தரையில் நின்றன. அவற்றின் வயிற்றிலே சென்ற சரக்கெல்லாம் தனிச் சரக்கு விமானங்களை நாடி வந்தது. கட்டணம் ஏறியது, விமானிகளுக்குக் கிராக்கியும் ஏறியது. பயணிகள் விமானங்கள் மீண்டும் பறந்ததும் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. உலகின் பெருஞ்சரக்கு நிறுவனங்களுள் ஒன்றான ஃபெடெக்ஸ், 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தன் விமானிகள் பீ.எஸ்.ஏ. என்னும் சிறிய பயணிகள் விமானக் கம்பெனியிலே வேலை பார்க்க வாய்ப்புண்டு என்று அவர்களுக்கே எடுத்துரைக்கும் நிலை வந்தது. அத்தகைய பெருங்கம்பெனிக்கே அந்நிலை என்றால், நாலைந்து விமானங்களை வைத்திருக்கும் சிறு கம்பெனியின் விமானி எம்மாத்திரம்?

சந்தை மட்டுமன்று, இயந்திரமும் அவனைக் கைவிடலாம். விமானி பொதுவாக எல்லா விமானங்களையும் ஓட்ட உரிமை பெற்றவனல்லன். பெரிய விமானங்களில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே தகுதி பெறல் வேண்டும். 2025 நவம்பர் 4 ஆந் திகதி அமெரிக்காவின் லூயிவில் நகரிலே யூ.பி.எஸ். நிறுவனத்தின் எம்.டி.-11 சரக்கு விமானம் வீழ்ந்து எரிந்தது. உடனே அவ்வகை விமானங்கள் யாவும் பறக்கலாகாதென அந்நாட்டு அதிகாரிகள் தடுத்தனர். தடுத்தது சரியே, உயிரைவிடச் சரக்கு பெரிதன்று. ஆயினும் அவ்வகைக்கு மட்டும் தகுதி வைத்திருந்த விமானியின் கதி என்ன? விமானம் தரையில் நின்றால் அவனும் அதனுடனே நிற்க வேண்டியதுதான்.

துருப்பிடிக்கும் உரிமை

மற்றைத் தொழில்களுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேற்றுமையை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். வேலையிழந்த வழக்கறிஞன் ஈராண்டு வீட்டிலிருந்தாலும் வழக்கறிஞனே. கவ்வாத்து வெட்டத் தெரிந்தவன் ஓராண்டு கத்தியைத் தொடாதிருந்தாலும் கைப்பழக்கம் அவனைவிட்டுப் போகாது. விமானியின் தகுதியோ பயன்படுத்தாவிடில் சட்டப்படியே செத்துவிடும். கடந்த 90 நாட்களுக்குள் மூன்று முறையேனும் ஏற்றியும் இறக்கியும் இராதவன் விமானத்தைப் பொறுப்பேற்று ஓட்டலாகாது என்பது உலகப் பொதுவிதி. அதன்மேல் மருத்துவச் சோதனை ஆண்டுதோறும் உண்டு. அறுபது வயதைக் கடந்தால் ஆறு மாதத்துக்கொரு முறை. சிமுலேட்டர் என்னும் போலி விமானக் கூண்டிலே காலந்தோறும் தேர்வும் உண்டு. வேலையில் இருக்கும்வரை இச்செலவைக் கம்பெனி ஏற்கின்றது. வேலை போன மறுநாள் முதல் அவை யாவும் வருமானமற்றவன் தலையில் விழுகின்றன. புதிய வேலை தருவோரோ, "கடைசியாக எப்பொழுது பறந்தீர்?" என்றே முதலிற் கேட்பர். ஆகவே மாதங்கள் செல்லச் செல்ல அவன் வாய்ப்பு தேய்கின்றது.

எனவே பழைய கம்பெனி மீண்டும் எழும் என்று காத்திருப்பது பெரும் ஆபத்து. இந்தியாவிலே ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 இல் பறத்தலை நிறுத்திற்று. புதியவர் வாங்குவர், மீண்டும் பறக்கும் என்ற பேச்சு ஐந்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இறுதியில் 2024 நவம்பர் 7 இல் அதனைக் கலைத்துவிடுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2012 இல் கிங்பிஷர் நின்றது, அதுவும் எழவில்லை. 2023 மே மாதத்தில் கோ பர்ஸ்ட் நின்றது, அதுவும் எழவில்லை. நீதிமன்றத்தின் தவணைகள் ஆண்டுக் கணக்கில் நீளும். விமானியின் தகுதிக்குத் தவணை 90 நாளே.

பழைய துண்டும் புதிய சான்றும்

நிற்க. இப்பொழுது நமக்குள்ள தகுதியைச் சொல்வோம். நம் பாட்டன்மார் காலத்திலே துண்டு முறை என்றொன்று இருந்ததை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தலைக்கங்காணி தோட்டத்திலே முன்பணம் பெறுவான். அக்கடன் அவன்கீழ் உள்ள ஆட்கள் தலைமேல் ஏறும். இன்ன தொகையைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அதனை ஏந்திச் சென்று அடுத்த தோட்டத்திலே கடன் வாங்கி, முந்திய கடனை அடைத்து, ஆட்களை மாற்றுவர். உழைப்பாளி மாறினான், கடன் மாறவில்லை. நாகரிக உலகம் வெட்கித் தலைகுனிய வேண்டிய அம்முறை 1921 ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதன் சாயலை வானத்திலே காண்கிறோம். விமானக் கம்பெனி புதிய விமானவகைக்குப் பயிற்சி கொடுக்கும்போது, இத்தனை ஆண்டு உழைப்பேன், தவறினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று விமானியிடம் பிணைமுறி வாங்குகிறது. இந்தியாவிலே 2017 ஆகஸ்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் பிறப்பித்த விதி, தலைமை விமானி விலகுவதற்கு ஓராண்டு முன்னறிவித்தலும் துணை விமானிக்கு ஆறு மாத முன்னறிவித்தலும் வேண்டுமென்றது. பழைய கம்பெனியின் ஆட்சேபனையின்மைச் சான்று இன்றிப் புதிய கம்பெனி அவனைச் சேர்க்கலாகாது என்பதும் அங்குள்ள ஏற்பாடு. துண்டைத் துரை வைத்திருந்தார். சான்றைக் கம்பெனி வைத்திருக்கிறது. வேறுபாடு எவ்வளவு?

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் உண்டென்பதை மறுக்கிலோம். பயிற்சிக்குப் பெரும்பணம் செலவாகிறது. விமானிகள் கூட்டமாக விலகினால் பயணிகள் விமான நிலையத்திலே தவிப்பர். ஆதலின் வேலை நடக்குங் காலத்தில் நியாயமான முன்னறிவித்தல் இருக்கட்டும். ஆனால் சம்பளம் கொடாத கம்பெனியும், தானே கதவை அடைத்த கம்பெனியும் எந்த நியாயத்தால் அச்சீட்டைப் பிடித்து வைப்பது? ஒப்பந்தத்தை முறித்தவன் அதே ஒப்பந்தத்தின் பயனைக் கோரலாகாது என்பது சட்டத்தின் பாலபாடம்.

சட்டம் தருவதும் தராததும்

இலங்கையிலே 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒன்றுண்டு. பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெக் காரணத்துக்காகவும், தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இன்றி அவரை நீக்கலாகாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆயினும் அதிலே இரண்டு ஓட்டைகளை நடைமுறை உண்டாக்கியிருக்கிறது. முதலாவது, 'சம்மதம்' என்ற சொல். சுயவிருப்ப ஓய்வு என்று தலைப்பிட்ட தாளை நீட்டி, இன்றே ஒப்பமிட்டால் இவ்வளவு, நாளை என்றால் ஒன்றுமில்லை என்று நெருக்குவது தோட்டத்திலும் உண்டு, தொழிற்சாலையிலும் உண்டு, விமானக் கம்பெனியிலும் உண்டு. இரண்டாவது, வெளிநாட்டு ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் பறப்பவன். ஊதியம் ஒரு நாட்டிலிருந்து, விமானம் இன்னொரு நாட்டுக்குச் சொந்தம், ஒப்பந்தம் மூன்றாம் நாட்டுச் சட்டத்தின்கீழ். அவன் எந்த ஆணையாளரிடம் செல்வான்?

நாம் கோருபவை நான்கு. வேலையிழந்த விமானியின் பறப்புப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கொடுத்தலும், தேர்வு அறிக்கைகளைக் கையளித்தலும் பதினான்கு நாட்களுக்குள் செய்யப்பட வேண்டுமெனச் சட்டம் கட்டளையிட வேண்டும். கம்பெனியே வேலையை நிறுத்தினால் பிணைமுறி அக்கணமே இறந்துபட வேண்டும். நட்டஈட்டுத் தொகையிலே ஒரு மருத்துவச் சோதனைக்கும் ஒரு சிமுலேட்டர் தேர்வுக்குமான செலவு தனியே சேர்க்கப்பட வேண்டும். நான்காவதாக, இலங்கைச் சிவில் விமானச் சேவை அதிகாரசபை வழங்கும் உரிமப் பத்திரத்தை அயல்நாடுகள் விரைந்து ஏற்க உடன்படிக்கைகள் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு புளூ டார்ட் நிறுவனத்தின் சரக்கு விமானங்கள் 1996 முதல் பறக்கின்றன. கொழும்பிலிருந்து சென்னை ஒன்றரை மணிப் பயணத்துக்குள் அடங்கும். ஆனால் காகிதத்தின் பயணம் மாதக் கணக்கில் நீள்கிறது.

அரசு மனம் வைத்தால் ஆகும் என்பதற்குச் சான்று நம் வரலாற்றிலேயே உண்டு. 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கடல் கடந்து அனுப்பப்பட்ட நம் மக்களுக்காக, 1968 இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. அங்கே நம்மவர் பட்ட இன்னல்கள் பல. ஆயினும் கொழுந்து பறிக்கத் தெரிந்த கைக்குக் கொழுந்தையே கொடுத்தது அறிவுள்ள செயல். தெரியாத தொழிலைத் தலையிற் கட்டி அனுப்பப்பட்ட மற்றையோர் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

விமானிக்கு ஒரு சொல்

சட்டம் மாறும்வரை விமானி வாளாவிருத்தல் கூடாது. வேலை போகும் என்ற செய்தி வந்த வாரத்திலேயே பதிவேட்டைச் சரிபார்த்து ஒப்பம் வாங்குக. வாசியாத தாளிலே கையெழுத்திடாதே. மருத்துவச் சான்றைக் காலாவதியாக விடாதே. வீட்டுச் செலவிலே எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதே. தான் ஓட்டிய அதே வகை விமானத்தைப் பறக்கவிடும் கம்பெனிகளை முதலில் நாடுக. புதிய வகைக்குப் பயிற்சியளிக்கும் செலவு இல்லாதவனையே எவரும் விரும்புவர். சரக்கிலிருந்து பயணிகள் விமானத்துக்குச் செல்வதாயின் மூப்பு வரிசையிலே கடைசியில் நிற்க நேரும். அதை மானக்கேடென்று எண்ணாதே. கையில் உரிமம் உயிரோடிருக்கும்போது பயிற்றுநனாகப் பறப்பதும் பறத்தலே. வேலை வாங்கித் தருகிறேன், முதலிற் பணம் கட்டு என்பவனை வாசலிலேயே நிறுத்துக. தனியே நின்று கெஞ்சாதே. சங்கத்தில் சேர்ந்து கேள்.

தோட்டத் தொழிலாளி சங்கமாக நின்றதனாலேயே மனிதனாக மதிக்கப்பட்டான். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நம்மைக் காகிதமற்றவராக்கியது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அக்காகிதத்துக்காக நாம் காத்திருக்க நேர்ந்தது. ஒரு தாள் இல்லாமையால் ஒரு மனிதனின் உழைப்பு எவ்வாறு பயனற்றதாகும் என்பதை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆகவேதான் சொல்கிறோம்: திறன் உழைப்பவனுடையது. அதனை மெய்ப்பிக்கும் தாளும் உழைப்பவனுடையதாகவே இருத்தல் வேண்டும். மண்ணிலே ஒழித்த துண்டை விண்ணிலே வளர விடோம்.