கண்ணுக்குத் தெரியாதவனைக் கட்டிப்பிடிப்பது எப்படி?



ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதையும் பகடைக் கதையாட்டத்தில் கழிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர், ஆளுக்கொரு தாள், பென்சில், 20 முகங்கள் கொண்ட பகடை; முக்கியச் சாமான்கள் இவ்வளவுதான். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் இந்த ஆட்டத்தை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கினார்கள். அது 1974-இல் வெளிவந்தது. ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ திருடனாகவோ மந்திரவாதியாகவோ கதைக்குள் நடமாடுவார்கள்.

நல்ல சிநேகிதர்களையும் வாக்குவாதத்தில் இறக்கிவிடும் கட்டம் ஒன்று இதில் உண்டு. எதிரி மந்திரத்தால் மறைந்துவிடுகிறான். "அவனை அப்படியே அமுக்கிப் பிடிக்கிறேன்!" என்கிறான் ஒருவன். "தெரியாதவனை எப்படியடா பிடிப்பாய்?" என்கிறான் மற்றவன். யார் சொல்வது சரி? விதிகளைப் பார்ப்போம்.

முதலாவது, மறைந்தவன் காணாமற் போனவன் அல்லன். அவன் காலடி ஓசை கேட்கும். புழுதியில் தடம் விழும். கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சத்தமின்றிப் பதுங்குவதற்கென்று தன் முறையைச் செலவிட்டு, அதில் அவன் வெற்றியும் பெற்றால்தான் இருக்குமிடம் தெரியாமல் போகும். அப்போது பிடிக்க வருபவன் ஓர் இடத்தை ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகம் தவறினால் கைக்குக் காற்றுதான் மிஞ்சும்.

இரண்டாவது, வெட்டுவது வேறு, பிடிப்பது வேறு. 2003-ஆம் ஆண்டு விதிகளில் மறைந்தவனைக் கையால் துழாவித் தேடலாம். ஆனால் சரியான இடத்தில் கை நீட்டினாலும் பாதிக்குப் பாதி தவறிப் போகும். 2014-இல் வந்த விதிகள் இதை எளிதாக்கின. தெரியாதவனை வாளால் வெட்டுகிறவன் பகடையை இருமுறை உருட்டி, குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். பிடிப்பதற்கோ அந்தத் தண்டனை இல்லை. அது வெறும் பலப்பரீட்சை. 2024-இல் திருத்திய விதிகளில், பிடிபடுகிறவன்தான் தப்பிக்கப் பகடை உருட்டுகிறான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டுவதற்கு 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால், சாதாரணமாக வாய்ப்பு 50 விழுக்காடு. எதிரி மறைந்திருந்தால் அது 25 ஆகக் குறையும். அதே எதிரி உங்கள் பிடியிலிருந்து தப்ப 11 வேண்டும் என்றால், பிடி விழும் வாய்ப்பு 50 விழுக்காடாகவே நிற்கும். ஆகவே, எழுந்து நின்று கத்திய அந்தப் பையன் விவரமானவன்தான்! ஆனால் ஒரு கை காலியாக இருக்க வேண்டும். எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவன் உருவத்தில் ஒரு படிக்கு மேல் பெரியவனாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, பிடித்துவிட்டால் மட்டும் எதிரி கண்ணுக்குத் தெரிந்துவிட மாட்டான். அவன் நகர முடியாது, அவ்வளவுதான். கூட்டாளிகள் வெட்டும்போது பழைய தண்டனை தொடரும். இதற்கும் ஒரு வழி உண்டு. பிடித்தவனைக் கீழே தள்ளிவிடுங்கள். விழுந்து கிடப்பவனை அருகில் நின்று தாக்குவோருக்குச் சாதகம் கிடைக்கும். மறைவினால் வரும் பாதகமும் அந்தச் சாதகமும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். பிடி இருக்கும்வரை அவன் எழுந்திருக்கவும் முடியாது. ஆத்திரத்தில் அவன் திருப்பி அடித்தாலோ, சாதாரண மறைவு மந்திரம் அப்போதே கலைந்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. மறைந்தவன் எங்கே நிற்கிறான் என்பது மேசையில் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் நடுவர். பையன் வலப்பக்கம் கை நீட்டியதும், "இல்லை, அவன் இடப்பக்கம் நின்றான்" என்று நடுவர் மாற்றிச் சொன்னால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? ஒருமுறை சந்தேகம் நுழைந்துவிட்டால் அடுத்த வாரம் அந்த மேசை கூடாது. எதிரி நிற்குமிடத்தை முன்கூட்டியே ஒரு துண்டுத் தாளில் குறித்து மடித்து வைக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் பிரித்துக் காட்டட்டும். எதிரிக்கு ஒரு நீதி, வீரனுக்கு ஒரு நீதி என்றும் இருக்கக் கூடாது.

பெற்றோர்களே! அடுத்த முறை கூடத்தில் கூச்சல் கேட்டால் உடனே பகடையைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். "தாளில் எழுதி வைத்தாயா, தம்பி?" என்று நடுவராக இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். யாரும் பார்க்காத இடத்திலும் நேர்மையாக நடக்க, விளையாட்டாகவே பழகிக்கொள்ளும் வாய்ப்பு அது.